வேலையை விடாமல் பாலினவியல் படிக்க முடியுமா? டெல்லியிலிருந்து ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மயூர் விகாரில் வசிக்கும் தமிழ்ப் பெண், வயது 39. பி.காம். முடித்துப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. நொய்டாவில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். சென்ற ஆண்டு, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் அலுவலகத்தின் உள்ளகப் புகார்க் குழுவில் இவரையும் ஓர் உறுப்பினராகப் போட்டார்கள். முதல் புகார் வந்தபோது, 'நடந்தது உண்மையென்றால் இந்தப் பெண் ஏன் ஐந்து மாதம் வாய் திறக்கவில்லை?' என்று குழுவிலேயே ஒருவர் கேட்டிருக்கிறார். அது தவறான கேள்வி என்று இவருக்கு உள்ளுக்குள் தெரிந்ததே தவிர, ஏன் தவறு என்று எடுத்துச் சொல்ல வரவில்லை. அன்றிலிருந்து பாலினவியலை, அதாவது ஆண் பெண் என்று சமூகம் வகுத்து வைத்திருக்கும் ஒழுங்கைப் பற்றிய துறையை, முறையாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம். வேலையில் இருந்துகொண்டே படித்தால் அரைகுறையாகப் போகாதா, டெல்லியில் எங்கே படிப்பது, ஆங்கிலம் சுமார்தான் என்பது தடையாகுமா, படித்து முடித்தால் என்ன பயன் என்பவை இவர் கேட்கும் கேள்விகள். கடைசிக் கேள்வி தன்னுடையது இல்லையென்றும், வீட்டுக்காரருடையது என்றும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்.

நானும் நாற்பத்து நான்காம் வயதில் ஆர்.கே. புரத்து அரசுக் குடியிருப்பில் இருந்துகொண்டு தொலைநிலையில் இதே துறையைப் படித்தவள். பிறகு சில ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படிப் படிப்பவர்களுக்கு ஆலோசனை வகுப்பு எடுத்தும், கட்டுக் கட்டாக அசைன்மென்ட் திருத்தியும் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அரைகுறையாகாதா என்ற ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வேதியியலைப் பற்றி அப்படிக் கேட்டால் நியாயம். ஆய்வுக்கூடம் இல்லாமல் அதைப் படிக்க இயலாது. பாலினவியலின் ஆய்வுக்கூடம் வீடு, அலுவலகம், பேருந்து, ரேஷன் கடை, ஊரில் இருக்கும் நிலத்தின் பத்திரம். டெல்லி அரசுப் பேருந்தில் 2019 அக்டோபர் முதல் பெண்களுக்குக் கொடுத்துவந்த இளஞ்சிவப்புச் சீட்டை நீங்கள் கையில் வாங்கியிருப்பீர்கள். ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவராகப் பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண்ணின் பெயர்தான் இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். அந்த அட்டையை வைத்திருக்கும் பெண்ணிடம் வீட்டில் யார் தலைவர் என்று கேட்டால் பெரும்பாலும் கணவரின் பெயரைத்தான் சொல்வார். சட்டம் சொல்வதற்கும் அவர் வாய் சொல்வதற்கும் இடையே உள்ள அந்த இடைவெளிதான் பாடம். இருபத்தொரு வயதில் விடுதியில் தங்கி எம்.ஏ. படிக்கும் மாணவிக்கு அதை ஆசிரியர் விளக்க வேண்டும். உங்களுக்கு நினைவுபடுத்தினாலே போதும்.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் இந்தத் துறை வகுப்பறையில் பிறக்கவில்லை. பெண்களின் நிலையை ஆராய மத்திய அரசு 1971-ல் ஒரு குழுவை அமைத்தது. புல்ரேணு குஹா தலைவர், வீணா மஜும்தார் உறுப்பினர் செயலர். 1974 இறுதியில் அவர்கள் முடித்துக் கொடுத்த அறிக்கை, எல்லோர் கண்முன்னும் கிடந்த ஒரு கணக்கைத் தூக்கிக் காட்டியது. ஆயிரம் ஆண்களுக்கு 1901-ல் 972 பெண்கள் இருந்த நாட்டில், சுதந்திரமும் ஐந்தாண்டுத் திட்டங்களும் வந்த பிறகு, 1971-ல் 930 பேர்தான் இருந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் பிழைப்பு நடத்திய எத்தனையோ துறைகள் இருந்தும், அந்த எண்ணை ஒரு கேள்வியாக நாட்டின் முன் வைக்க இப்படியொரு குழு தேவைப்பட்டது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதன் பொருள் மற்றவர்களைவிட நன்றாகப் புரியும்: பேரேட்டில் எண் இருப்பது வேறு, அதை யாராவது படித்துப் பார்ப்பது வேறு.

அதே 1974-ல் மும்பையில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாயின் முயற்சியால் நாட்டின் முதல் மகளிரியல் ஆய்வு மையம் தொடங்கியது. 1980-ல் டெல்லியில் பெண்கள் மேம்பாட்டு ஆய்வு மையம் உருவானது. வீணா மஜும்தாரும் அவருடன் இருந்தவர்களும் அந்த ஆண்டே மேற்கு வங்கத்தின் பாங்குராவில் நிலமற்ற கூலிப் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு வேலையைத் தொடங்கினார்கள். 1986-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழு மகளிரியல் மையங்களுக்கு முறையாக நிதி கொடுக்க ஆரம்பித்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மையம் 1987-ல் வந்தது. ஆக, வேலைக்குப் போகும், குடும்பம் நடத்தும், கூலி வேலை செய்யும் பெண்களின் அனுபவம் முதலிலும் பட்டம் அதற்குப் பிறகும் வந்த துறை இது. பகுதிநேர மாணவி இங்கே விருந்தாளி இல்லை.

இப்போது உண்மையான தடைக்கு வருகிறேன். அது ஆங்கிலமும் இல்லை, கட்டணமும் இல்லை, நேரம். பல்கலைக்கழகங்கள் படிப்பைக் கிரெடிட் என்ற அலகால் அளக்கின்றன. ஒரு கிரெடிட் என்பது, வாசிப்பு, எழுத்து, வகுப்பு எல்லாம் சேர்த்து, மாணவியின் முப்பது மணி நேர உழைப்பு. முப்பத்திரண்டு கிரெடிட் கொண்ட ஒரு பட்டயப் படிப்பு என்றால் 960 மணி நேரம். ஓராண்டில் முடிக்க நினைத்தால் வாரத்துக்குப் பதினெட்டு மணிக்கு மேல். இரண்டாண்டாகப் பரப்பினால் ஒன்பது மணிக்குச் சற்று மேல். விளம்பரத் தாள் 'குறைந்தபட்சம் ஓராண்டு' என்று சொல்வதை நம்பிச் சேர்ந்துவிட்டு, ஆறாம் மாதம் மனமுடைந்து விடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நொய்டாவில் வேலையும் பள்ளி போகும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் வாரம் ஒன்பது மணி என்பதே பெரிய தொகை.

அந்த ஒன்பது மணி எங்கிருந்து வரும் என்று தேடுவதே இந்தப் படிப்பின் முதல் பயிற்சி என்பது என் கருத்து. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. முதல் நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணிவரை, அரை மணிக்கு ஒரு கட்டமாக, ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று கேட்டு எழுதினார்கள். தம் வீட்டாருக்காகச் சம்பளமில்லாமல் வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். இந்த 97-ஐ மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. அன்று வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி அது. அப்படிக் கை வைத்தவர்களோ நூற்றுக்கு 26 பேர்தான், பெண்களில் 81 பேர். மீண்டும் 2024-ல் எடுத்தபோது பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. ஆண்களுடையதும் 88 ஆகக் குறைந்தது.

நீங்களும் ஒரு வாரம் அப்படி எழுதிப் பாருங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நான் எழுதியபோது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை முதல் ஏழுவரை உள்ள கட்டத்தில் 'சும்மா' என்று குறித்திருந்தேன். இரவு அதைத் திரும்பப் பார்த்தால், அந்தச் சும்மாவுக்குள் குக்கரில் மூன்று விசில், மகனின் நோட்டில் ஒரு கையெழுத்து, மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரை, மறுநாளைக்கு நறுக்கி வைத்த பீன்ஸ், ஊரிலிருந்து வந்த நாத்தனாரின் தொலைபேசி எல்லாம் இருந்தன. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் பீன்ஸ் நறுக்கியிருக்கிறேன். அதே கட்டத்தில் என் கணவரும் 'சும்மா' என்றே சொன்னார். அவருடையது நிஜமாகவே சும்மா. சண்டை போடவில்லை. நோட்டை மேசைமேல் விரித்து வைத்தேன், அவ்வளவுதான். அவரும் மத்திய அரசு ஊழியர். கட்டம் போட்ட தாள் என்றால் மரியாதை. ஞாயிறு காலை ஒன்பது முதல் ஒன்றுவரை சமையலறை அவர் பொறுப்பு என்று ஆனது அந்த நோட்டால்தான். ஆரம்பத்தில் வாராவாரம் எலுமிச்சை சாதம்தான். அதைப் பற்றி இப்போது புகார் ஏதும் இல்லை.

எங்கே படிப்பது என்பதற்கு என் முதல் பரிந்துரை இக்னோ என்று நாம் சொல்லும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். நாடாளுமன்றச் சட்டத்தால் 1985-ல் அமைந்தது. தலைமையகம் நம் ஊரிலேயே மைதான் கடியில் இருக்கிறது. பாலினம், மேம்பாடு ஆகியவற்றுக்கென்று தனிப் புலம் அங்கே உண்டு. மகளிரியலும் பாலினவியலும் சேர்ந்த எம்.ஏ.யும் முதுகலைப் பட்டயமும் அதன்கீழ் வருகின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும். பொதுவாக அசைன்மென்டுக்கு 30 விழுக்காடும் எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடும் மதிப்பெண். பி.காம். படித்தவர் சேரலாமா என்று தயங்க வேண்டாம். எந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவரும் சேரக்கூடிய துறை இது. எடுத்த எடுப்பில் எம்.ஏ.வில் சேர வேண்டாம் என்பேன். முதலில் பட்டயம், அது முடியும்போது மேலே போகும் பசி இருந்தால் எம்.ஏ.

ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் 2000-ல் தொடங்கிய சரோஜினி நாயுடு மகளிரியல் மையம், காஷ்மீரி கேட்டில் அம்பேத்கர் பல்கலைக்கழகம் ஆகியவை நல்ல இடங்கள்தான்; அங்குள்ள எம்.ஏ. பகலில் நேரில் போய் உட்கார வேண்டிய படிப்பு, உங்களுக்கு ஒத்துவராது. கட்டணமின்றிச் சற்று ருசி பார்க்க வேண்டுமென்றால் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பருவந்தோறும் பாலினம் தொடர்பான பாடங்கள் வருகின்றன; பாடம் இலவசம், சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் அதைத் தொடர்ந்து கேட்க முடிகிறதா என்று உங்களை நீங்களே சோதித்துக்கொண்டு, பிறகு பட்டயத்துக்குப் பணம் கட்டுவது புத்திசாலித்தனம். டெல்லியில் 1984 முதல் இயங்கும் ஜகோரி போன்ற பெண்ணிய அமைப்புகள் நடத்தும் பயிற்சிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவற்றில் பட்டம் கிடைக்காது. ஆனால் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, படிக்காத பெண்ணும் பேராசிரியரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும் அந்த நாள்களில் கிடைப்பது, தபாலில் வரும் பாடநூலில் கிடைப்பதில்லை.

ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. தமிழ்நாட்டிலுள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பில் டெல்லியிலிருந்தே தமிழ் வழியில் சேரலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நிதானியுங்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்வி நடத்த விதிகள் இடம் கொடுக்கவில்லை. முழுக்க இணையவழியில் நடக்கும், அதற்கென அனுமதி பெற்ற படிப்புக்கு மட்டும் அந்த எல்லைக் கட்டுப்பாடு இல்லை. அடுத்தது, இரண்டு நாளில் 'பாலின நிபுணர்' சான்றிதழ் தரும் தனியார் கடைகள். எந்தப் பருவத்தில் எந்தப் படிப்புக்கு ஒப்புதல் இருக்கிறது என்ற பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் தளத்தில் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். ஒப்புதல் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்திருக்கிறது. 'தபால் படிப்பு' என்று அலுவலகத்தில் யாராவது உதட்டைச் சுழித்தால் அந்த அறிவிப்பின் நகலைக் காட்டலாம்.

ஆங்கிலத்துக்கு வருவோம். டெல்லியில் இந்தப் படிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் நடக்கிறது என்பது உண்மை. தேர்வுக்குத் தேவைப்படும் ஆங்கிலம், நீங்கள் தணிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதும் ஆங்கிலத்தைவிடப் பெரிதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கலைச்சொல்லை மனப்பாடம் செய்து எழுதிவிடுவோம். அது நம் வீட்டில் எதைக் குறிக்கிறது என்று தெரியாமலே. ஆகவே, முக்கியமான ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்திலேயே தமிழில் ஒரு வரி எழுதிக்கொள்ளும் வழக்கத்தை என் மாணவிகளிடம் வலியுறுத்துவேன்.

இதில் தமிழர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. பால் என்ற சொல்லுக்கே பகுப்பு என்றுதான் பொருள். தொல்காப்பியம் உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் என்றும், அஃறிணையை ஒன்றன்பால், பலவின்பால் என்றும் பகுத்தது. இந்தப் பகுப்பில் எளிதில் அடங்காதவர்களை எப்படிச் சுட்டுவது என்பதற்கும் அப்போதே தனியாக ஒரு விதி சொல்ல வேண்டி வந்தது. இன்று உடல் சார்ந்த வேறுபாட்டுக்குப் பால் என்றும், சமூகம் அதன்மேல் ஏற்றிவைக்கும் ஒழுங்குக்குப் பாலினம் என்றும் தமிழ்நாட்டில் எழுதுகிறோம். பின்னதை இலங்கைத் தமிழர் பால்நிலை என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும், ஏனென்றால் நிலை என்பது மாறக்கூடியது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பாலின, பாலியல் சிறுபான்மையினரைக் குறிக்க மரியாதையான சொற்களின் பட்டியலை, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழிலேயே வெளியிட்டது. திருநர், திருநங்கை, திருநம்பி என்று நமக்குக் கையருகே சொற்கள் இருக்கின்றன.

டெல்லிக்கு வந்த புதிதில் இந்தி பேசிப் பட்ட அவமானம் உங்களுக்கும் இருக்கும். காய்கறிக்காரரிடம் 'மைன் ஜாதா ஹூன்' என்று ஆணைப்போலச் சொல்லி, கடையே சிரித்ததை நான் மறக்கவில்லை. தமிழில் 'போகிறேன்' என்று சொல்பவர் ஆணா பெண்ணா என்பது வினையில் தெரியாது. இந்தியில் 'நான்' என்று தொடங்கியவுடனே எந்தப் பால் என்று சொல்லியாக வேண்டும். அப்படியானால் தமிழ் சமத்துவமான மொழியோ என்று மகிழ்வதற்குள் வீட்டுப் பேச்சைக் கவனியுங்கள். கணவரைப் பற்றிப் பேசும்போது 'அவர் வந்தார்'. மனைவியைப் பற்றி அவர் பேசும்போது 'அவள் வந்தாள்'. அலுவலக மேலாளர் பெண்ணானால் 'அவங்க'. பாத்திரம் தேய்க்க வருபவர், நம்மைவிடப் பத்து வயது மூத்தவரானாலும், 'அவ இன்னிக்கு வரல'. பாலும் வர்க்கமும் சாதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் பற்றிப் பாடநூல் இருபது பக்கம் பேசும்; அதற்கு வேண்டிய சான்று முழுவதும் அந்த ஒரு விகுதியில் இருக்கிறது. ஒரு மாணவி, ஜனக்புரியில் கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர், ஒரு நாள் முழுக்கத் தன் வீட்டில் யார் யாரை 'ஆர்' என்றும் 'ஆள்' என்றும் சொன்னார்கள் என்று எண்ணி அசைன்மென்ட் எழுதினார். நான் திருத்தியவற்றிலேயே அதுதான் மிகச் சிறந்தது. அவருடைய ஆங்கிலத்தில் எழுவாயும் பயனிலையும் பாதி இடங்களில் பொருந்தவில்லை. நல்ல மதிப்பெண் போட்டேன்.

அசைன்மென்டைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் படிப்பில் உண்மையான கற்றல் நடப்பது அங்கேதான். வருவது இரண்டு வகை. கைடு புத்தகத்தைப் பார்த்து எழுதியது முதல் வகை. நாற்பது பேர் தாளில் ஒரே வாக்கியம் ஒரே எழுத்துப் பிழையோடு வரும். மற்றது மனக்குமுறல்: 'பெண்ணாகப் பிறந்தாலே துன்பம்தான்' என்று தொடங்கிப் பத்துப் பக்கம். இரண்டாவதை எழுதியவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அதற்கும் மதிப்பெண் போட முடியாது. ஒரு கருத்தை எடுத்து, தனக்குத் தெரிந்த ஓர் இடத்தின்மேல் வைத்து, எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதுதான் கேட்கப்படுவது. ஜங்புரா பக்கம் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த, தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராஸி கேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூனில் அதை இடித்தார்கள். தகுதியுள்ளவர்கள் என்று ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் மறுகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். காகிதத்தில் குடிசைக்குப் பதில் வீடு. ஆனால் காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் ஒரு வீட்டிலும் எட்டரைக்கு அடுத்த வீட்டிலும் பாத்திரம் தேய்த்த தமிழ்ப் பெண் நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? பிள்ளையை யார் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவார்? வீட்டு வசதியை இப்படிக் கேட்டுப் பார்ப்பதுதான் இந்தத் துறை. ஒரே எச்சரிக்கை: உங்கள் வீட்டில் வேலை செய்பவரையே பேட்டி எடுக்காதீர்கள். சம்பளம் கொடுப்பவர் கேட்கும்போது 'முடியாது' என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

உங்களைத் தூண்டிய அந்தக் கேள்விக்கு வருகிறேன், ஐந்து மாத மௌனம். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கச் சொல்கிறது. தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். அந்தக் காலத்துக்குள் புகார் கொடுக்க முடியாத சூழ்நிலை இருந்தது என்று குழு ஏற்றால், காரணத்தை எழுத்தில் பதிந்து, மேலும் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம். அதாவது, தாமதம் இயல்பானது என்பதைச் சட்டத்தை எழுதியவர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்; தாமதம் என்பதாலேயே பொய் என்ற எண்ணத்துக்கு அதில் இடமில்லை. இவ்வளவும் சட்டப் பயிற்சியிலேயே கிடைக்கும். அந்தச் சூழ்நிலை எதனால் ஆனது என்று சொல்ல மட்டும் வேறு படிப்பு வேண்டும். புகாருக்கு ஆளானவர்தான் ஆண்டு மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுபவரா. இரவில் அலுவலக வண்டியில் ஒரே தடத்தில் வீடு திரும்புகிறவர்களா. வீட்டில் சொன்னால் 'அப்படியென்றால் வேலையை விட்டுவிடு' என்ற ஒரே பதில்தான் வருமா. அந்தச் சம்பளத்தில்தான் தம்பியின் கல்லூரிக் கட்டணம் போகிறதா. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், ஐந்து மாதம் நீண்டதாகத் தோன்றாது. ஐந்து மாதத்தில் அவர் எப்படிப் பேசினார் என்பதுதான் வியப்பாக இருக்கும். உங்கள் சக உறுப்பினருக்கு அடுத்த முறை இப்படிப் பதில் சொல்லலாம். விதிவிலக்குக் கேட்கும் கெஞ்சலாக அது இருக்காது, கணக்காக இருக்கும்.

குழு உறுப்பினராக இருப்பதற்குச் சட்டம் பட்டம் எதையும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டம் இல்லாததால் உங்களுக்குத் தகுதி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பட்டம் வாங்கியதால் குழுவில் உங்கள் வாக்குக்கு எடை கூடிவிடாது.

வீட்டுக்காரரின் கேள்விக்கு நேர்மையான பதில்: இந்தப் பட்டயத்தை வைத்துக்கொண்டு உடனே வேலை மாறலாம் என்று நம்பிச் சேராதீர்கள். தொண்டு நிறுவனங்களில் வேலை உண்டு. கணக்கும் தெரிந்து பாலினவியலும் தெரிந்தவரை அங்கே தேடுவார்கள் என்பதும் உண்மை. சம்பளம் நொய்டாவில் நீங்கள் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கல்லூரியில் கற்பிக்க விரும்பினால் எம்.ஏ.யும் தேசியத் தகுதித் தேர்வும் வேண்டும். அத்தேர்வில் மகளிரியல் ஒரு தனிப் பாடமாகவே இருக்கிறது. ஆனால் பயன் என்று வேறு சில உண்டு. என் வகுப்பில் படித்த ஓர் அம்மையார், திருநெல்வேலிப் பக்கத்தவர், பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் திருத்தத்தை நாடு 2005-ல்தான் கொண்டுவந்தது, தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்துவிட்டது என்ற பாடத்தைப் படித்த அன்று, தனக்குக் கல்யாணம் ஆன தேதியைக் கேட்டு அண்ணனுக்குத் தொலைபேசி செய்தார். 1989 மார்ச் 25-க்கு முன்பே திருமணம் ஆன மகளுக்குத் தமிழ்நாட்டுத் திருத்தத்தில் பங்கில்லை. அவர் திருமணம் அந்த ஆண்டு ஜூனில். அண்ணன் தேதியை மட்டும் உடனே சொன்னார். மற்றதைப் பேச ஒன்றரை வருடம் ஆயிற்று.

நடைமுறையில் ஒரு கசப்பையும் மறைக்க வேண்டாம். நான் படித்தபோது கொடுத்த நான்கு அசைன்மென்டில் இரண்டின் மதிப்பெண் ஏறவேயில்லை. எந்தப் படிப்பு மையம் என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்தவர் 'நீங்கள் கொடுக்கவே இல்லை' என்றார். முத்திரையிட்ட ரசீதை நான் வாங்கி வைக்கவில்லை. மறுபடியும் எழுதிக் கொடுத்து, முடிவு வர ஒரு பருவம் தள்ளிப் போயிற்று. எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள், இணையத்தில் ஏற்றினால் திரையைப் படம் எடுங்கள், நேரில் கொடுத்தால் தேதியும் முத்திரையும் இல்லாமல் நகராதீர்கள். வவுச்சர் இல்லாமல் ஒரு பதிவையும் ஏற்காத துறையில் இருப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வாசிக்க ஒரு மேசை வேண்டுமென்றால், கோல் மார்க்கெட் அருகே பாய் வீர் சிங் மார்கில் நான் மேலே சொன்ன பெண்கள் மேம்பாட்டு ஆய்வு மையம் இருக்கிறது. அதன் நூலகத்தின் பழைய அறிக்கைகளும் இதழ்களும் இந்தத் துறைக்குப் பெரும் செல்வம். போவதற்கு முன் வேலை நேரத்தையும் அனுமதி முறையையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எந்தப் பருவத்தில் சேர்வது என்பது. ஆண்டு முறையில் நடக்கும் படிப்பில் ஜூலையில் சேர்ந்தால் தேர்வு அடுத்த ஜூனில் வரும். நீங்கள் அசைன்மென்ட் எழுதி முடிக்க வேண்டிய மார்ச், ஏப்ரலில் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. ஜனவரியில் சேர்ந்தால் தேர்வு டிசம்பரில். செப்டம்பர் இறுதியில் வரித் தணிக்கை அறிக்கை கொடுத்து முடித்த பிறகு, அக்டோபரும் நவம்பரும் உங்களுக்குச் சற்று மூச்சுவிடக் கிடைக்கும். தீபாவளிப் பலகாரத்தை அந்த ஒரு வருடம் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அசைன்மென்ட்களை ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள். ஜனவரிப் பருவத்திலேயே சேருங்கள். நோட்டில் கட்டம் போடுவதை இந்த வாரமே தொடங்கலாம்.